காப்புக் கட்டிய கை

பயப்படாதீங்க அண்ணாச்சி, மணிதான். பைக்குள் சல்லடம் இருக்கிறது. சாமியாடுகிறவன் இடுப்பில் மாட்டுகிற அரைக்கால் சட்டை. விளிம்பு முழுக்க மணி கோத்திருக்கும். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் அடங்கும். ஏறும்போதே கண்டக்டர் கேட்டான், பைக்குள்ள ஆட்டுக்குட்டியா பெரியவரே, அதுக்கும் டிக்கெட் உண்டே என்று. சாமிக்கு டிக்கெட் உண்டாடே என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

கொஞ்சம் தள்ளிக்கிடுதீங்களா? ஆ, போதும் போதும். உங்கள் மடியில் இருக்கிற ஸ்கேன் கவர் கசங்கிவிடப் போகிறது. பெரியாஸ்பத்திரியில் இருந்துதானே வாரீங்க? வீட்டம்மாவுக்கா? சரி, சரி. சொல்ல வேண்டாம். அந்தக் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது வெறும் படம்தான். ஆனால் ஆளையே உள்ளே வைத்திருக்கிற மாதிரிதான் பிடிப்போம். நானும் பிடித்தவன்.

என் பெயர் உச்சிமாகாளி. பைபாஸில் பஞ்சர் கடை போட்டிருக்கிறேன். சொந்த ஊர் செம்மண்விளை, இந்த பஸ் போகிற கடைசி ஊர். எங்கள் சாமி புலமாடன். அவனுக்குச் சாமியாடுகிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு. அப்பாவுக்குப் பிறகு என் மேல்தான் வந்தது. இன்றைக்கு அங்கே கால்நாட்டு. கொடைக்கு, அதுதான் எங்கள் கோயில் திருவிழாவுக்கு, பந்தக்கால் நடுகிற நாள். இந்தச் சல்லடத்தைக் கொண்டுபோய் பீடத்தில் வைத்துவிட்டு, இதே பஸ் திரும்பும்போது ஏறிவிடுவேன். என் தம்பி வேலாண்டி போட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஊரே சேர்ந்து போட்டுக்கொள்ளட்டும்.

தப்புக் கும்பிட மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீடத்துக்கு முன்னால் விழுந்து, மாடா, தெரியாமல் எல்லையைத் தாண்டிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், எல்லாம் சரியாகிவிடுமாம். வேலாண்டி போனில் படித்துப் படித்துச் சொன்னான். தெரியாமலா தாண்டினேன்? தெரிந்துதான் தாண்டினேன். கேள்வி அவனுக்கு இல்லை, எனக்குத்தான் இருக்கிறது. அன்றைக்கு உச்சி வேளையில நீ எங்கேடா போனே? இந்த ஒரு கேள்விதான். இதற்கு அவன் பதில் சொல்லட்டும், இந்தச் சல்லடத்தை நானே திரும்பவும் போட்டுக்கொள்கிறேன்.

முறையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் யாரோ கிறுக்கன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று நினைப்பீங்க.

கால் நட்டதும் சாமியாடிக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துண்டை நூலில் முடிந்து வலது கையில். கட்டிவிட்டால் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை ஓடைப் பாலம். பாலத்துக்கு ஊர்ப் பக்கம் சாமியின் நிலம், இந்தப் பக்கம் அவனுக்குச் சொந்தமில்லை. புலமாடன் காவல்காரன் அண்ணாச்சி. காவல்காரன் இடத்தை விட்டு நகர்வானா? அதனால் அவனைச் சுமக்கிறவனும் நகரக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடுகிற நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. மேளம் ஏறும், வில்லுப்பாட்டுக்காரர் சாமியை அழைக்கிற வரத்துப்பாட்டை எடுப்பார், முதலில் முழங்கால் நடுங்கும். முழங்கால் நடுக்கம் மணிக்கு ஏறும். அதற்கப்புறம் நான் கிடையாது. திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும், கையெல்லாம் திருநீறாக இருக்கும். யாருக்குப் பூசினேன், என்ன வாக்குச் சொன்னேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டுக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரமு. பிரமசக்தி என்று பெயர் வைத்தோம், அவ்வளவு நீளத்துக்கு யார் கூப்பிடுவது. பிளஸ் டூ படித்தாள். லீவு நாளில் கடைக்கு வந்தால் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கொப்பளம் வருகிற இடத்தை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். எப்பா, உமக்குக் கண்ணு மங்கிட்டு, கடையை எனக்கு எழுதி வையும் என்பாள்.

ஒரு கொடைக்குக் காப்புக் கட்டின மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கண் சொருகினதும் என் பெண்டாட்டி முப்பிடாதியும் அவள் தம்பி சொரிமுத்துவும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பாலம்வரைக்கும் ஆட்டோவோடு ஓடினேன். பாலத்தில் நின்றுவிட்டேன். வேறென்ன செய்ய? கையில் காப்புக் கிடக்கிறதே.

கொடையன்றைக்கு உச்சி நேரம். நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். முப்பிடாதி பிள்ளைக்குத் தம்பியைக் காவல் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, மேளத்துக்குள் புகுந்து என் முன்னால் முந்தானையை விரித்து நின்றாளாம். என் பிள்ளை பிழைக்குமா என்று கேட்டாளாம். சாமி திருநீறை எடுத்து அவள் நெற்றியில் அப்பிவிட்டு, "பயப்படாத. கூட நிக்கேன்" என்றதாம். வேறு ஒரு வார்த்தை இல்லையாம். அவள் மிச்சத் திருநீறை முந்தியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறாள். அவள் வார்டு வாசலை மிதிக்கும்போது பிள்ளை முகத்தை மூடியிருந்தார்கள்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நீங்க குடிங்க.

முப்பிடாதி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் சோறு வைக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாமி நின்னுதோ என்னவோ. நீரு நிக்கல." சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். நானும் சாப்பிட்டேன். என்ன செய்யச் சொல்லுதீங்க, பசித்தது.

அதற்குப் பிறகு அவள் கோயில் பக்கம் வரவில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் பூ வைப்பாள், விளக்குப் பொருத்துவாள், என்னமோ வாடகைக்கு இருக்கிறவருக்குச் செய்கிற மாதிரி. அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை வாங்கிக் கொடுத்தால் சரி என்று வாங்கிக்கொள்வாள். ஒருநாள் பாய் உதறும்போது தலையணை உறைக்குள் இருந்து மாத்திரையாகக் கொட்டியது. கேட்டதற்கு, மறந்துட்டேன் என்றாள். உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. கிட்னி போய்விட்டது என்றார்கள்.

இரண்டு மூன்று கொடை இப்படியே கழிந்தது. நான் ஆடினேன். சாமி வரத்தான் செய்தது. பிள்ளை செத்த வீட்டுக்காரன் மேல் எப்படி வருகிறது என்று ஊரில் ஒன்றிரண்டு பேர் வாயைக் கோணினார்கள். வந்தது, நான் என்ன செய்ய.

போன வருசக் கொடைக்கு வருவோம். காப்புக் கட்டியாகிவிட்டது. இவளுக்கு மூச்சு முட்டுகிறது. திரும்பவும் அதே சொரிமுத்து, அதே ஆட்டோ, அதே பாலம். நானும் அதே இடத்தில் நின்றுவிட்டேன். ஆட்டோ போகும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே, நான் பாலத்தில் நிற்பேன் என்று.

மூன்று நாள் கழித்து சொரிமுத்து போன் பண்ணினான். மறுநாள் கொடை. வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தான், அக்கா ஒண்ணும் கேக்கல, ஆனா வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கா என்றான். அதைக் கேட்டு நடந்தவன்தான், மாவிலை கையிலேயே இருந்தது. பாலத்தில் வேலாண்டி பின்னாலேயே ஓடி வந்து வேட்டியைப் பிடித்தான். அண்ணே, பாலத்தைத் தாண்டாத, வம்சத்துக்கே ஆகாது என்றான். வம்சம் எங்கலே இருக்கு என்றேன். பிடியை விட்டுவிட்டான்.

வார்டில் என்னைப் பார்த்ததும் முப்பிடாதி கேட்டது, "எப்படி வந்தீரு?"

"பஸ்ஸுல."

"காப்பு?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டாள். கொஞ்சம் நகர்ந்து கட்டில் ஓரத்தில் இடம் விட்டாள்.

பொம்பளை வார்டு. ஆம்பளைகளை இருக்க விட மாட்டார்கள். ஆயாம்மா இரண்டு தடவை விரட்டினாள். வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி டயர் இறங்கிச் சும்மா கிடந்தது. சொரிமுத்துவை அனுப்பிக் கடைச் சாமானை எடுத்துவரச் சொன்னேன். பஞ்சர் ஒட்டிக் காற்றடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஆயாம்மா என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான அம்மா, காலில் புண். அவள் மகள் ஞானதீபம் துணைக்கு இருந்தாள். நல்ல மாதிரி. சர்ச்சுக்குப் போகிறவள். பைபிளை அம்மா தலைமாட்டில் வைத்துவிட்டு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவாள்.

படுத்தே கிடக்கிறவர்களுக்கு முதுகு வெந்துபோகும் அண்ணாச்சி. உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, பவுடர் போட வேண்டும். நர்ஸம்மா ஒருதடவை செய்து காட்டினார்கள், பிறகு நானே செய்தேன். கல்யாணம் முடிந்து இத்தனை காலத்தில் அவள் முதுகை நான் வெளிச்சத்தில் பார்த்ததே அப்போதுதான். தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. பிரமுவுக்கும் அதே இடத்தில் இருந்தது. இவளிடம் இருந்துதான் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வெள்ளி. கொடை நாள். உச்சி நேரம். நான் முதுகில் பவுடர் போட்டு அவளை மல்லாத்திப் படுக்க வைத்திருக்கிறேன்.

"மணி என்ன?" என்றாள்.

"உச்சி ஆயிட்டு."

"இந்நேரம் சாமி வந்திருக்கும்."

"எங்க வரும்? ஆடுதவன் இங்கல்லா இருக்கேன்."

சிரித்தாள். பிரமு போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வீங்கின முகத்தில் சிரிப்பு வரவே நேரமாகிறது. அப்புறம் கண்ணை மூடி, நெற்றியை இப்படிக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். சாமிக்கு முன்னால் திருநீறுக்குக் காட்டுவார்கள் இல்லையா, அதேமாதிரி.

"பூசிவிடும்."

ஏ புள்ள, நான் காப்போட எல்லை தாண்டி வந்தவன், என்கிட்ட ஒண்ணும் கிடையாது, கையில பவுடர்தான் இருக்கு என்றேன். அவள் நெற்றியை இறக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி, அவள் மனசுக்காக, கையிலிருந்த பவுடரை நெற்றியில் பூசினேன். என்னமோ வாயில் வந்ததைச் சொன்னேன். "பயப்படாத. கூட நிக்கேன்." நோயாளியிடம் வேறென்ன சொல்வோம், எல்லோரும் சொல்கிறதுதான். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். புருசனைப் போய் இவள் ஏன் கும்பிடுகிறாள் என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. விரத உடம்பு. காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்தான். கிறுகிறுத்திருக்கும். கண் தெளிந்து பார்க்கிறேன், வார்டின் அந்தக் கடைசியில், ஜன்னல் பக்கம் நிற்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது. கையில் பவுடர் டப்பா, உள்ளே ஒன்றும் இல்லை. வரிசையாக எல்லாக் கட்டிலிலும் எல்லார் நெற்றியிலும் வெள்ளையாக இருக்கிறது. ஞானதீபத்தின் அம்மா நெற்றியில்கூட. ஆயாம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். வாசலில் நர்ஸம்மா நிற்கிறார்கள். ஏசப் போகிறார்கள் என்று பயந்தேன். அவர்கள் மெதுவாக வந்து, போய் எதாவது சாப்பிட்டுட்டு வாங்க என்று மட்டும் சொன்னார்கள்.

வெட்கக்கேடு அண்ணாச்சி. பவுடரைப் பூசி அத்தனை நோயாளிகளையும் ஏமாற்றியிருக்கிறேன். ஞானதீபத்திடம் போய், கோவிச்சுக்கிடாதம்மா, மயக்கத்துல ஏதோ பண்ணிட்டேன், அது வெறும் பவுடர் என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அண்ணே, ஒவ்வொரு கட்டில்லயும் நின்னு நின்னு பேரைக் கேட்டுக் கேட்டுல்லா பூசுனீங்க, எங்க அம்மை ஒரு வாரத்துக்கு அப்புறம் இப்பத்தான் அழாமத் தூங்குதாவ என்றாள். பாவம், நல்ல பிள்ளை. என் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாள்.

என்ன, எதையோ சொல்ல வாரீங்க. அவளும் இப்படித்தான் பார்த்தாள். இருங்க, முழுசாகக் கேளுங்க.

சாயங்காலம் வேலாண்டி போன் பண்ணினான். குரலே சரியில்லை. அண்ணே, சாமி வரல என்றான். சல்லடத்தைப் பீடத்தில் வைத்து மேளம் அடித்திருக்கிறார்கள். வில்லுப்பாட்டுக்காரர் வரத்துப்பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். யார் மேலாவது இறங்கும் என்று ஊரே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு குழந்தைகூட நடுங்கவில்லை. மேளக்காரர் விரல் வெடித்து நிறுத்திவிட்டார். படையலை அப்படியே எடுத்து ஓடையில் கொட்டினார்களாம். பீடம் காலியாக் கெடந்த மாதிரி இருந்துச்சுண்ணே, வீட்டுல ஆளில்லாத மாதிரி என்று சொல்லி அழுதான்.

இப்போது சொல்லுங்க. நான் தாண்டினேன், சரி. கோபம் என்றால் என் மேல் காட்ட வேண்டியது. ஊர் என்ன பண்ணியது? அந்த உச்சி நேரத்தில் அங்கேயும் இல்லை என்றால் எங்கே போனான்?

செவ்வாய்க்கிழமை முப்பிடாதி போனாள். காலையில், வெளிச்சம் வந்த பிறகு. கை என் கையில்தான் இருந்தது. டியூபில் பொடி ஓட்டை என்றால் தண்ணீரில்கூடத் தெரியாது, கன்னத்தை ஒட்டி வைத்துத்தான் காற்றைப் பிடிப்போம். அப்படிக் கன்னத்தை அவள் மூக்குக்கிட்டே வைத்துக்கொண்டே இருந்தேன். வந்தது, வந்தது, அப்புறம் வரவில்லை. முகத்தில் ஒரு பயமும் இல்லை. அதுமட்டும் சொல்ல முடியும்.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? எல்லை தாண்டினான், சாமி அடிச்சுட்டு. இழவு வீட்டில், என் காதுபட. எனக்கும் அது உள்ளே இறங்கிவிட்டது. கடையில் டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றும், நான் பாலத்திலேயே நின்றிருந்தால் அவள் இருந்திருப்பாளோ. பிள்ளைக்கு நின்றேன், பிள்ளை போயிற்று. இவளுக்குத் தாண்டினேன், இவளும் போனாள். எதைச் செய்திருக்க வேண்டும்? யாராவது சொன்னால் தேவலை. ஊரில் இருக்கப் பிடிக்காமல் பைபாஸ் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன். சல்லடத்தைத் தொட ஆளில்லாமல் என் வீட்டில் போட்டிருந்தார்கள், அதையும் எடுத்து வந்துவிட்டேன்.

இந்தா பாருங்க, இந்த நூல் அந்தக் காப்புதான். மஞ்சள் உதிர்ந்துவிட்டது. கோயிலில் வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும். கொடை முடியவில்லை, அதற்குள் இழவு விழுந்து ஒரு வருசம் தீட்டு. அப்படியே கிடக்கிறது.

சாமி என்னோடேயே பஸ் ஏறி வந்திருக்குமோ என்றா கேக்கீங்க? நல்ல கதை. உங்களுக்கு எங்கள் புலமாடனைத் தெரியாது. மேளம் இல்லாமல், மணி இல்லாமல், எல்லையை விட்டு, டெட்டால் நாற்றத்துக்குள் பொம்பளை வார்டிலா வந்து நிற்பான்? அது காவல் தெய்வம். அதற்கென்று ஒரு முறை உண்டு.

ரயில்வே கேட் போட்டுவிட்டான். அதுதான் நிற்கிறது. கேட்டைத் தாண்டினால் பாலம், அப்புறம் எங்கள் ஊர். டிரைவர் இன்ஜினையும் அணைத்துவிட்டார். என்ன அமைதி.

மணி ஏன் அடிக்குதுன்னு பார்க்கீங்களா? ஒன்றுமில்லை. பை என் மடியில் இருக்கிறதில்லையா, எனக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தே வந்ததில் கொஞ்சம் நடுங்குகிறது. வயசாகிவிட்டது. இருங்க, கையால் அமுக்கிப் பிடிக்கிறேன். அடங்க மாட்டேங்குதே.

அண்ணாச்சி, என்ன இது. நிமிருங்க. தலையைக் குனிந்துகொண்டு, பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள். கையை விடுங்க. நான் சொன்னது ஒன்றுமே உங்கள் காதில் விழவில்லையா? நான் எல்லை தாண்டினவன். இது வெறும் கை. பவுடர்கூட இல்லை.

அழாதீங்க.

சரி. வீட்டம்மா பேரு என்ன, சொல்லுங்க.